குரைக்கிற நாய் கடிக்குமா, கடிக்காதா?

கேள்வி, ஜூன் 2

ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்குப் பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் மைக் முன்னால் வந்து நின்று, "ரொம்ப அமைதியான பையன், இப்படிச் செய்வான்னு யாருமே நினைக்கலை" என்கிறார். இத்தனை கேமரா, இத்தனை டேட்டா இருக்கிற காலத்தில் இந்த மாதிரி ஆட்களை முன்னாலேயே அடையாளம் கண்டு பட்டியல் போட முடியாதா? முடியும், யாருக்கும் மனமில்லை என்பது என் கட்சி. குற்றவியல் தெரிந்தவர்கள் மறுத்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஜூன் 2, இரவு

மனமிருந்தாலும் முடியாது. நான் குற்றவியல் படித்தவன், பிறகு பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போனவன். அரைகுறை ஆசாமி சொல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள், அதில் நிஜமாகவே கொலைவெறியோடு இருப்பவர்கள் பத்துப் பேர். உங்களிடம் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு கருவி இருக்கிறது (அப்படி ஒன்று கிடையாது, இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான்). அந்தப் பத்துப் பேரையும் அது பிடித்துவிடும், சரி. கூடவே ஒன்றும் செய்யாத கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரையும் பிடிக்கும். உங்கள் பட்டியலில் இருக்கும் ஆயிரம் பேரில் ஒருவர்தான் நீங்கள் தேடும் ஆள். மற்ற 999 பேரை என்ன செய்வீர்கள்?

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆபத்தானவர்கள் என்று முத்திரை குத்தி, பலத்த காவலுள்ள மனநல மருத்துவமனைகளில் வருடக்கணக்காகப் பூட்டி வைத்திருந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நியூயார்க் மாநிலம் 1966-இல் சாதாரண மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது. பாக்ஸ்ட்ராம் என்பவர் போட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அப்படி. பின்னால் ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், பெரும்பாலானவர்கள் யார் மீதும் கை வைக்கவில்லை. அத்தனை பேரையும் "ஆபத்தானவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் படித்த மருத்துவர்கள்தான்.

ஜூன் 3

நேற்று எழுதியதில் பாதிதான் இருக்கிறது. ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்றால் வேறு எதை வைத்துத்தான் சொல்வது?

அமெரிக்க ரகசிய சேவைக்கு, அதிபருக்குக் காவல் நிற்கும் அதே அமைப்புக்கு, இதே சந்தேகம் வந்தது. 1949-க்குப் பிறகு அங்கே பிரபலமானவர்களைத் தாக்கியவர்கள், தாக்கும் நோக்கத்தோடு நெருங்கி வந்தவர்கள் என்று 83 பேரை எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட் ஃபைன் என்ற மனநல நிபுணரும் பிரையன் வொஸ்குயில் என்ற அதிகாரியும் சேர்ந்து கோப்புகளைக் குடைந்தார்கள், சிறையில் இருந்த சிலரிடம் நேரிலும் பேசினார்கள். பொதுவான முகம் ஒன்று கிடைக்கும் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். வயது, படிப்பு, வேலை, குடும்பம் எதுவும் ஒரே அச்சில் இல்லை. அதைவிட முக்கியம், தாக்கப் போகிறவரிடமோ போலீசிடமோ நேரடியாக மிரட்டல் விட்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆர்தர் பிரெமர் இதற்குப் பொருத்தமான ஆள். 1972-இல் முதலில் அமெரிக்க அதிபர் நிக்சனைக் கொல்ல அலைந்தான், நெருங்க முடியவில்லை என்றதும் இலக்கை மாற்றி, மே 15 அன்று அதிபர் தேர்தல் களத்தில் இருந்த ஜார்ஜ் வாலஸைச் சுட்டான். இரண்டு பேருக்கும் மிரட்டல் கடிதம் போடவில்லை, நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தான். கொள்கைப் பகை என்று ஏதாவது இருந்திருந்தால் ஆளை இப்படிச் சட்டை மாற்றுவது போல மாற்றியிருக்க மாட்டான்.

ஆக குரைக்கிற நாய் கடிக்காது என்பது ஓரளவு உண்மைதான். கால்ஹூன், வெஸ்டன் என்ற இருவர் இதையே வேட்டையாடுகிறவர்கள், ஊளையிடுகிறவர்கள் என்று பிரித்தார்கள். ஊளையிடுகிறவனுக்கு நீங்கள் பயந்தாலே போதும், அதோடு அவன் வேலை முடிந்தது. வேட்டைக்காரன் சத்தம் போட மாட்டான், இரை ஓடிவிடுமே. அதனால் என்ன சொல்கிறான் என்பதை மட்டும் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பாருங்கள்.

எனக்கே இதில் ஒரு அனுபவம் உண்டு. என் நண்பன் ஒருவன் விலகிப்போன பெண்ணின் பின்னால் திரிந்துகொண்டிருந்தான், நான்தான் உட்கார வைத்துப் பேசி நிறுத்தினேன். நேரம் கிடைத்தால் எழுதுகிறேன்.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். நான் பேசுவது இலக்கு வைத்து, யோசித்து, நாள் குறித்துச் செய்யும் வன்முறை. தெருவில் தோள் இடித்து வந்த சண்டை, போதையில் நடக்கும் அடிதடி இதில் சேராது. அதற்கு வேறு மருந்து.

ஜூன் 5

"யாருமே எதிர்பார்க்கவில்லை" என்று கேள்வியிலேயே வருகிறதே, அதை விட்டுவிட்டோம். அது பெரும்பாலும் பொய். மைக் முன்னால் வரும் பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்தவன் மைக் முன்னால் வர மாட்டான்.

1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு அதே ரகசிய சேவை, கல்வித் துறையோடு சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்தது. தாக்கியவர்கள் 41 பேர், எல்லாரும் அங்கே படித்தவர்கள் அல்லது படித்துக்கொண்டிருந்தவர்கள். 2002-இல் அறிக்கை வந்தது. 81 சதவீத சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே ஏதோ தெரிந்திருந்தது. 59 சதவீதத்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு? பெரும்பாலும் நண்பன், வகுப்புத் தோழன், கூடப் பிறந்தவன். பெரியவர்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு.

இதற்குக் கசிவு என்று பெயர் வைத்தவர் எஃப்.பி.ஐ.யில் இருந்த மேரி எலன் ஓடூல். பொருத்தமான சொல். பானையில் விரிசல் விட்டால் எங்கேயாவது ஈரம் தெரியத்தானே செய்யும். இலக்கிடம் சொல்ல மாட்டான், பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வான். பெருமைக்காகச் சொல்வதும் உண்டு, யாராவது தடுக்க மாட்டார்களா என்று சொல்வதும் உண்டு. பல பேரிடம் இரண்டும் கலந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.

நமக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி கொல்லப்பட்டது 1948 ஜனவரி 30. பத்து நாளுக்கு முன்னால், ஜனவரி 20 அன்று, அதே பிர்லா மாளிகையில் குண்டு வெடித்து மதன்லால் பாவா பிடிபட்டார். அதற்கும் முன்னால் பம்பாயில் ஜெகதீஷ் சந்திர ஜெயின் என்ற பேராசிரியரிடம் மதன்லால் இதைப் பற்றிப் பேசியிருந்தார். பேராசிரியரின் புத்தகங்களை விற்று நாலு காசு பார்த்துக்கொண்டிருந்த அகதி இளைஞன், ஏதோ கோபத்தில் உளறுகிறான் என்றுதான் அவருக்குப் பட்டது. குண்டு வெடித்த செய்தியைப் படித்ததும் பதறிப்போய் முதலமைச்சர் பி.ஜி. கெரிடமும் மொரார்ஜி தேசாயிடமும் போய்ச் சொன்னார். தகவல் போலீசுக்கும் போனது. அப்புறமும் பத்து நாளில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. ஏன் என்று விசாரிக்கக் கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்துக் கபூர் கமிஷன் உட்கார வேண்டியிருந்தது.

ஜெயினைக் குறை சொல்வது சுலபம். எனக்கு வாய் வரவில்லை. காரணம் பிறகு.

ஜூன் 6

மேலே ஒருவர் "தனியாக இருப்பவன், அதிகம் பேசாதவன், எப்போதும் ஸ்க்ரீனில் மூழ்கியவன், இவர்களைக் கவனித்தாலே போதும்" என்கிறார். ஐயா, நீங்கள் விவரித்தது என்னை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் பாதிப் பேரையும்தான்.

ஜூன் 8

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. பதவி உயர்வு கிடைக்காத ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு அத்தனை பேருக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார்: "என் வாழ்க்கையைக் கெடுத்தவர்களை ஒருநாள் நான் பார்த்துக்கொள்கிறேன்." மறுநாள் காலை ஒரு குழு கூடியது. குற்றவியல் படித்தவன் என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிவு: உடனே வேலை நீக்கம், அடையாள அட்டையைப் பிடுங்கி வாசல் வரை காவலர் கூட்டிப் போனார். நானும் தலையாட்டினேன். எல்லாருக்கும் பெருமூச்சு.

சாயங்காலம்தான் உறைத்தது. நேற்று வரை அவர் காலை ஒன்பது மணிக்கு எங்கே இருப்பார், யாரோடு சாப்பிடுவார், யாரிடம் புலம்புவார் எல்லாம் எங்களுக்குத் தெரியும். இன்று ஒன்றும் தெரியாது. கோபம் போகவில்லை, கூடவே வேலையும் போயிற்று. அவரிடம் போனில் பேசும் நிலையில் இருந்த ஒரே ஆளுக்கும் "தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது" என்று உத்தரவு. மூன்று மாதம் எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர் வெறும் ஊளை என்று ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கும், யாரும் பேசவில்லை. "உங்களுக்கு என்ன நடந்தது" என்று கேட்கக்கூட இல்லை.

வர்ஜீனியாவில் டூவி கார்னல் என்பவர் பள்ளிகளுக்காக அமைத்த முறை இதற்கு நேர் எதிர். மிரட்டல் வந்தால் முதலில் அந்தப் பையனிடம் பேசு. கோபத்தில் வந்த வாய்ச்சொல்லா, கோபம் தணிந்த பிறகும் உட்கார்ந்திருக்கும் நோக்கமா என்று பிரி. முதல் வகை என்றால் மன்னிப்பு, விளக்கம், வீட்டுக்குப் போ. இரண்டாவது என்றால் இலக்கானவருக்குச் சொல், பாதுகாப்பு கொடு, பிரச்சினையின் வேரைப் பிடி. 35 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தபோது 188 மிரட்டல்கள் வந்தன. சுமார் 70 சதவீதம் முதல் வகை. பள்ளியை விட்டே அனுப்பப்பட்டவர்கள் மூன்று பேர். மூன்றே மூன்று. எங்கள் குழு உட்கார்ந்திருந்தால் 188 பேரும் வெளியே.

ஜூன் 8, பின்னிரவு

81 சதவீதம் என்று நான் எழுதியதை ஒருவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "அப்படிப் பேசுகிறவர்களில் 81 சதவீதம் பேர் செய்துவிடுவார்களா" என்று கேட்கிறார். இல்லை. நடந்த சம்பவங்களில் 81 சதவீதத்தில் முன்னால் பேச்சு இருந்தது, அவ்வளவுதான். பேச்சு இருந்தும் எதுவும் நடக்காமல் போனவை எத்தனை ஆயிரம் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மழைக்கு முன்னால் மேகம் இருந்தது என்பதும், மேகம் வந்தால் மழை பெய்யும் என்பதும் ஒன்றல்ல. ஆனால் மேகத்தைப் பார்த்தால் கொடியில் காயும் துணியை எடுக்கிறோம் இல்லையா, கேட்பது அவ்வளவுதான்.

ஜூன் 11

தனிச்செய்தியில் ஒரு பெண் எழுதினார். பெயர், விவரம் எதுவும் சொல்ல மாட்டேன். "குரைக்கிற நாய் கடிக்காது என்று எழுதியிருக்கிறீர்களே, என் வீட்டுக்காரர் குரைத்துக்கொண்டே இருக்கிறார், நான் நிம்மதியாகத் தூங்கலாமா?" என்று கேட்டார்.

படித்ததும் வியர்த்துவிட்டது. ஜூன் 3 அன்று நான் எழுதியது அவர் விஷயத்தில் தவறு. ஆபத்தான தவறு. அந்த வேட்டை-ஊளை வேறுபாடு முன்பின் தெரியாதவர்களுக்கு, பிரபலங்களுக்குப் பொருந்தும். உறவு நெருங்க நெருங்க மிரட்டலின் எடை கூடுகிறது என்று கால்ஹூனும் வெஸ்டனுமே சொல்லியிருக்கிறார்கள், நான் பழமொழி ருசியில் அதை விட்டுவிட்டேன். கணவன், முன்னாள் காதலன், பிரிந்து வாழ்பவன் "கொன்றுவிடுவேன்" என்றால் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டு நாய் குரைத்துவிட்டும் கடிக்கும்.

ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர்-ஆய்வாளர் எண்பதுகளிலேயே இதற்கு ஒரு கேள்விப் பட்டியல் செய்தார். ஆளுக்கான பட்டியல் இல்லை, நடப்புக்கானது. அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா, கொல்வேன் என்றானா, ஆயுதம் இருக்கிறதா, பிரிந்து வந்தீர்களா, கழுத்தை நெரித்தானா. இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கழுத்தை நெரித்து விட்டுவிட்ட சம்பவம் ஒன்று முன்பு இருந்தால், பின்னால் அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் என்று 2008-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பல நேரம் காயமே தெரியாது, அதனால் போலீசும் மருத்துவரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஜேன் மாங்க்டன் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இப்படி 372 கொலைகளை எடுத்து எட்டுப் படிகளாகப் பிரித்தார். "கண நேர ஆத்திரம்" என்று நீதிமன்றத்தில் சொல்லப்படுவதை அவர் ஏற்கவில்லை. அந்தப் படிகளில் முக்கியமானவை: கட்டுப்படுத்துதல், பிரிவு அல்லது பிரிவின் பயம், தொல்லை கூடுதல், அப்புறம் ஒரு கட்டத்தில் அவன் மனதுக்குள் நடக்கும் திருப்பம், திட்டம், கொலை. திரும்ப வரவைக்க முடியாது என்று அவன் முடிவு செய்யும் இடம்தான் அந்தத் திருப்பம். வெளியே அவன் திடீரென்று அமைதியாகிவிட்டது போலக்கூடத் தெரியலாம்.

அந்தப் பெண்ணுக்கு நீளமாகப் பதில் எழுதினேன். பிரிந்து போகும் நாளைத்தான் எல்லாவற்றையும்விட எச்சரிக்கையாகத் திட்டமிட வேண்டும், அதைப் பெண்கள் உதவி மையத்தோடு சேர்ந்து செய்யுங்கள், அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள் என்று.

ஜூன் 11, மறுபடியும்

இதையும் சேர்க்க வேண்டும். டாரசாஃப் வழக்கு. 1969-இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர், தன்னை நிராகரித்த பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் மனநல ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் பல்கலைக்கழகப் போலீசுக்குச் சொன்னார். போலீஸ் கூப்பிட்டுப் பேசி, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டது. எல்லாரும் தங்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள், அந்தப் பெண்ணிடம், டாரசாஃபிடம், மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கொல்லப்பட்டார். இலக்கானவரைக் காக்கும் பொறுப்பு சிகிச்சை தருபவருக்கு உண்டு என்று 1976-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஜூன் 12

இப்போது ஜூன் 3 அன்று நான் அளந்த கதைக்கு வருகிறேன். "உட்கார வைத்துப் பேசி நிறுத்தினேன்" என்றேன். நிறுத்தவில்லை.

நடந்தது இது. அந்தப் பெண் விலகிப்போன பிறகு அவன் அவள் அலுவலக வாசலில் நிற்க ஆரம்பித்தான். அவள் என்ன நிறத்தில் உடுத்தினாள், யாரோடு வெளியே வந்தாள் என்று என்னிடம் ஒப்பிப்பான். வேறு பேச்சே கிடையாது, எதைத் தொடங்கினாலும் அங்கேதான் போய் முடியும். வேலைக்குப் போவதை நிறுத்தினான். ஒருநாள் "எனக்கில்லாதது யாருக்கும் இருக்கப் போவதில்லை" என்றான். நான் என்ன சொன்னேன்? "விடுடா, வேற பொண்ணா கிடைக்காது." இதுதான் நான் உட்கார வைத்துப் பேசிய லட்சணம். இத்தனைக்கும் அப்போது குற்றவியலில் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவன் அறையில் எதையோ பார்த்துவிட்டு அவனுடைய அக்காதான் விஷயத்தைக் கையில் எடுத்தார். அந்தப் பெண்ணுக்குத் தானே போன் செய்து "நீ கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வராதே" என்றார். தம்பியை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் லீவு போட்டு அவனோடேயே இருந்தார். அவருக்கு ஃபைனும் தெரியாது, கார்னலும் தெரியாது. அந்தப் பெண் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். யாரும் சாகவில்லை என்பதால் இதை வெற்றிக் கதை என்று இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன், அதுவும் என் பெயரில்.

எஃப்.பி.ஐ. 2018-இல் 63 துப்பாக்கித் தாக்குதல்காரர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், கவலைப்பட வைக்கும் நடத்தைகள் ஒவ்வொருவரிடமும் சராசரியாக நாலுக்கும் மேல் சுற்றியிருந்தவர்கள் கண்ணில் பட்டிருந்தன. பார்த்தவர்கள் அதிகமாகச் செய்தது அவனிடமே நேரில் பேசியது. நான் செய்ததும் அதுதான். "விடுடா"வும் பேச்சுக் கணக்கில் வரும்.

ஜூன் 14

"எல்லாம் மனநோய்" என்பவர்களுக்குச் சின்னதாக: அதே 63 பேரில் மனநோய் என்று முன்பே கண்டறியப்பட்டிருந்தது நான்கில் ஒருவருக்குத்தான். வேலை போனது, அவமானம், கடன், பிரிவு எல்லாம் இருந்தது. எத்தனை பேருக்கு மனநோய் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் கொலை செய்கிறார்கள் என்று ஜூன் 2 கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நோய் என்று முத்திரை குத்தினால் ஒரே பலன், உதவி கேட்க வருகிறவனும் வர மாட்டான்.

கொலையாளியின் பெயரைச் சொல்லலாமா என்று இன்னொருவர் கேட்டார். 2019-இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அவன் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்றார். நான் மேலே பிரெமரை மூன்று வரி எழுதியிருக்கிறேன். புகழுக்காகச் சுட்டவன். அவன் பெயர் இல்லாமலும் அந்தப் பத்தி நின்றிருக்கும்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் இறங்கி வந்திருக்கிறார்: "சரி, ஆள் பட்டியல் வேண்டாம். அப்போ தெரிந்தவன் யாரிடம் போய்ச் சொல்வது?"

அதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வருகிறவனிடம் இல்லை, அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியவனிடம் இருக்கிறது. நான் அன்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், சொன்னால் போலீஸ், வழக்கு, அவன் வாழ்க்கை முடிந்தது, நான் காட்டிக்கொடுத்தவன். நடுவில் வேறு படியே எனக்குத் தெரியவில்லை. அந்த நடுப்படியைக் கட்டுவதுதான் வேலை. பள்ளியோ கல்லூரியோ அலுவலகமோ, பெயர் தெரிந்த ஒருவர். சொன்னதும் அவர் தண்டனையில் ஆரம்பிக்காமல் கேள்வியில் ஆரம்பிப்பார் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கு யார் மேல் கறுவல், எதைப் பறிகொடுத்தான், ஆயுதம் தேடுகிறானா, அந்த இடத்தைப் போய்ப் பார்த்தானா, வேறு வழியில்லை என்கிறானா, அவன் பேச்சுக் கேட்கும் ஆள் யாராவது இருக்கிறார்களா. கையில் ஆயுதம், நாள், இடம் என்று தெரிந்துவிட்டால் நடுப்படி கிடையாது, நேரே போலீஸ்தான், கூடவே இலக்கானவருக்கும் தகவல்.

ஜூன் 22

ஜூன் 12 அன்று எழுதியதை அந்த நண்பனிடமே காட்டினேன். பொதுவில் வைத்துவிட்டு அப்புறம் கேட்கிறாயே என்று திட்டினான், நியாயம்தான். பெயர் இல்லை, இருக்கட்டும் என்றான். இரண்டு திருத்தம் சொன்னான். இரண்டு வாரம் இல்லையாம், ஐந்து வாரம். அப்புறம், அவன் அந்த வார்த்தையை என்னிடம் மட்டும் சொல்லவில்லை, மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறான்.

மற்ற இருவரையும் எனக்குத் தெரியும். அப்போது நாங்கள் மூவரும் வாரத்துக்கு ஒரு முறையாவது சந்திப்போம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.